டி.என்.ஏ.வுக்கான மூலப்பொருளை ஈஸ்ட் செல் ஏன் அளந்தே தயாரிக்கிறது? அதிகமாகத் தயாரித்து வைத்துக்கொண்டால் என்ன நஷ்டம்?

கேள்வியைப் பார்த்தால், நீங்கள் முதுகலையில் உயிரியல் படிப்பவர் என்று தோன்றுகிறது. மூலப்பொருள் மிகுதியாக இருந்தால் செல்லுக்கு வசதிதானே என்ற எண்ணமும் அதில் தெரிகிறது. ஏறக்குறைய இதே கேள்வி சேலத்தில் என் எம்.எஸ்ஸி. வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்கப்பட்டது. நான் சொன்ன பதில் அன்று ஏற்கப்படவில்லை. அந்த வருத்தம் இன்னும் தீராததால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஆர்.என்.ஏ.வுக்கான நியூக்ளியோடைடுகள், அதாவது அதைக் கட்டும் அலகுகள், செல்லில் ஏராளமாக உண்டு. அவற்றின் சர்க்கரையிலிருந்து ஓர் ஆக்சிஜனை நீக்கி டி.என்.ஏ.வுக்கு ஏற்றவையாக மாற்றும் நொதிதான் ரிபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ். ரொட்டி ஈஸ்டில் இந்த நொதிக்கு ஒரு பெரிய அலகும் ஒரு சிறிய அலகும் உண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். இதன்மேல் செல் வைத்திருக்கும் கட்டுப்பாடுகள் பல. டி.என்.ஏ.வுக்கான நான்கு மூலப்பொருள்களில் ஒன்றான டி-ஏ.டி.பி. உற்பத்தியாகிக் கூடினால், அதுவே பெரிய அலகில் போய் ஒட்டி நொதியை அடக்குகிறது. எஸ்.எம்.எல்.1 என்ற, 104 அமினோ அமிலங்களே கொண்ட சிறு புரதம் பெரிய அலகைப் பிடித்துக்கொண்டு அதைச் செயல்படாமல் தடுக்கிறது. சிறிய அலகு பெரும்பாலும் உட்கருவுக்குள் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்க, பெரிய அலகோ வெளியே சைட்டோபிளாசத்தில் இருக்கிறது. போதாததற்கு, சி.ஆர்.டி.1 என்ற புரதம் சிறிய அலகின் மரபணுக்கள்மேல் உட்கார்ந்து அவற்றின் வெளிப்பாட்டையும் குறைத்துவிடுகிறது.

டி.என்.ஏ. சேதமடைந்தாலோ, நகலெடுப்பு நின்றாலோ மெக்1, ராட்53, டன்1 என்ற கைனேஸ் புரதங்கள் (மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டி அவற்றின் செயலை மாற்றுபவை) ஒன்றையடுத்து ஒன்று விழிக்கின்றன. அதன் விளைவாக எஸ்.எம்.எல்.1 சிதைக்கப்படுகிறது, சி.ஆர்.டி.1 மரபணுவை விட்டு விலகுகிறது, சிறிய அலகு வெளியே வந்து பெரிய அலகோடு சேர்கிறது. மெக்1 இல்லாத ஈஸ்ட் உயிர் வாழாது, ஆனால் எஸ்.எம்.எல்.1-ஐயும் சேர்த்து நீக்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். அமெரிக்க மரபியலாளர் ராட்னி ராத்ஸ்டைனின் ஆய்வகத்தார் 1998-இல் இதைக் கண்டு வெளியிட்டதை நான் முதன்முதலாகப் படித்த அன்று இரவு தூக்கமே வரவில்லை.

எங்கள் கல்லூரியில் அத்தகைய திரிபு ஈஸ்ட் கிடைக்கவில்லை. பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு கடையில் வாங்கிய ரொட்டி ஈஸ்டை வளர்த்து, அதில் ஹைட்ராக்ஸியூரியா சேர்த்தேன். அது சிறிய அலகில் உள்ள, நொதியின் வேலைக்கு இன்றியமையாத டைரோசின் ரேடிக்கலை (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட அமினோ அமிலத்தை) அழித்து நொதியை முடக்குவது; சில இரத்த நோய்களுக்கு மருந்தாகத் தரப்படுவதும் அதுவே. மூன்று மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, பெரும்பாலான செல்கள் தாயும் மகளும் ஏறக்குறைய ஒரே பருமனாக ஒட்டியபடி, டம்பெல் போல அப்படியே நின்றிருந்தன. மருந்தைக் கழுவிவிட்டுப் புதிய ஊட்டக் கரைசலில் இட்டேன். சில மணி நேரத்தில் அவை பிரிந்து, புதிய சிறு மொட்டுகள் விடத் தொடங்கியிருந்தன.

இதை விளக்கியபோதுதான் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், "அப்படியானால் மூலப்பொருளை அதிகமாகக் கொடுத்தால் இன்னும் நன்றாக வளருமா?" என்று கேட்டார். என் அப்பா சேலத்தின் குகை என்ற பகுதியில் கைத்தறி நெசவாளர். அம்மா தார் சுற்றுவார், அதாவது தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சிறு குச்சிகளில் சுற்றித் தருவார். அந்தப் பழக்கத்தில், "இல்லை ஐயா, ஊடை தவறினால் நெசவாளர் நிறுத்தி, பிரித்து, திரும்ப ஓட்டுவார், தார் தட்டில் குவிந்து கிடக்க வேகமும் கூடிவிட்டால் தவறைப் பிரிக்காமல் அதன்மேலேயே நெய்துகொண்டு போய்விடுவார். டி.என்.ஏ.வை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதியும் அப்படித்தான்" என்றேன். இது தறிக்கூடம் அல்ல, அறிவியல் தேர்வு என்று அவர் முடித்துவிட்டார். மதிப்பெண் குறைந்ததைவிட, அப்பாவின் தொழிலைச் சொன்னதற்காக வாயடைக்கப்பட்டதுதான் அதிகம் வலித்தது.

உவமை முழுமையானதல்ல என்று சிலர் சொல்லக்கூடும். அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். நான்கு நியூக்ளியோடைடுகளுக்கு இடையிலான விகிதம் கெடுவதாலும் பிழைகள் வரும் என்பதை அந்த உவமை காட்டாது. ஆனால் நான் சொன்னதன் சாரம் ஊகம் அல்ல. ஸ்வீடனில் ஆந்திரே சாபெஸும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. டி.என்.ஏ. சேதமடைந்த ஈஸ்டில் இந்த மூலப்பொருள்கள் 6 முதல் 8 மடங்கு வரை உயர்கின்றன. டி-ஏ.டி.பி.யின் அடக்குதலுக்குக் கட்டுப்படாத திரிபு ஈஸ்டில் அவை இன்னும் உயரவே, அது சேதத்திலிருந்து கூடுதலாகவே பிழைத்தது. ஆனால் அதன் மரபணுக்களில் திடீர்மாற்றங்களும் பெருகின. நீங்கள் கேட்ட நஷ்டம் இதுதான். ஆபத்து வரும்போது மட்டும் பிழைப்புக்காக அந்த விலையைக் கொடுக்கும் செல், மற்ற நாள்களில் அதைக் கொடுக்காமலிருக்கத்தான் இத்தனை தடைகளை வைத்திருக்கிறது.