சிங்கத் தேடல்: கேட்டவர்களுக்குப் பதில்

கென்யாவில் சிங்க ஆய்வுக் குழுக்களோடு வேலை செய்கிறேன் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் தருகிறேன்.

கார்த்திக்: அக்கா, ஆய்வாளர்களோடு போனால் நமக்கு என்ன வேலை இருக்கும்?

பார்ப்பது, எண்ணுவது, எழுதுவது. விடியுமுன் கிளம்புவோம். பல ஆய்வுகளில் கூட்டத்துக்கு ஒரு பெண் சிங்கத்துக்காவது ரேடியோ காலர் (சமிக்ஞை அனுப்பும் கழுத்துப் பட்டை) மாட்டியிருப்பார்கள். வண்டியை ஒரு மேட்டில் நிறுத்தி ஆன்டெனாவை மெல்லத் திருப்பினால் ரிசீவரில் டிக், டிக் என்று கேட்கும். சத்தம் எந்தப் பக்கம் பலமோ அந்தப் பக்கம் போவோம்.

கூட்டத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் உண்மையான வேலை. எது எந்தச் சிங்கம் என்று தெரிய வேண்டும். மீசை முடி முளைக்கும் இடத்தில் வரிசை வரிசையாகக் கரும்புள்ளிகள் இருக்கும். மேல் வரிசையில் சில புள்ளிகள்தான். அவை அடுத்த வரிசைப் புள்ளிகளுக்கு நேராக எங்கெங்கே விழுகின்றன என்பது சிங்கத்துக்குச் சிங்கம் மாறும், சாகும்வரை மாறாது. நைரோபி பூங்காவின் சிங்கங்களை வைத்து 1970-இல் வெளியான முறை இது, இன்றும் பயன்படுகிறது. இடது கன்னம் வேறு, வலது கன்னம் வேறு என்பதால் இரண்டு பக்கமும் படம் வேண்டும். அப்புறம் காதில் கிழிசல், வயிறு நிறைந்திருக்கிறதா ஒட்டியிருக்கிறதா, குட்டிகள் எத்தனை, மூக்கு எவ்வளவு கறுத்திருக்கிறது (வயதை அதை வைத்துத்தான் கணிப்போம்) எல்லாவற்றையும் குறிப்போம். சிங்கம் ஒரு நாளில் ஏறத்தாழ 20 மணி நேரம் படுத்துக் கிடக்கும். நீங்களும் காத்திருக்க வேண்டும்.

மீனா: குட்டிகளுக்குப் பால் புகட்டும் தன்னார்வத் திட்டம் ஒன்று பார்த்தேன். சேரலாமா?

வேண்டாம் மீனா. குட்டியைத் தொட விடும் இடம் ஆய்வு நிலையம் அல்ல. தென்னாப்பிரிக்கப் பண்ணைகள் பலவற்றில் பிறந்த சில நாளிலேயே தாயிடமிருந்து குட்டியைப் பிரித்து, காசு வாங்கிக்கொண்டு கொஞ்ச விடுகிறார்கள். வளர்ந்த சிங்கங்கள் வேலிக்குள்ளேயே வேட்டைக்கு விற்கப்பட்டிருக்கின்றன. மனிதக் கையில் வளர்ந்த சிங்கத்தைக் காட்டில் விடுவதும் எளிதல்ல.

சதீஷ்: திறந்த ஜீப்பில் சிங்கம் பாயாதா?

வண்டிக்குப் பழகிய சிங்கம், வண்டியையும் உள்ளே இருப்பவர்களையும் சேர்த்து ஒரே பொருளாகப் பார்க்கிறது. எழுந்து நின்றாலோ இறங்கினாலோ அந்தக் கணக்கு மாறிவிடும். உட்கார்ந்தே இருங்கள்.

ரேவதி: தடுப்பூசி?

மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுச் சான்றிதழை வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்துவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைக் கேளுங்கள்.

இளங்கோ: மயக்க ஊசி போட்டுக் கழுத்தில் பட்டை மாட்டுவது கொடுமை இல்லையா? சிசிலுக்கும் காலர் இருந்தது. காப்பாற்றியதா?

நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன். சிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் காலர் மாட்டிய சிங்கம் சிசில். 2015 ஜூலையில் பூங்காவுக்கு வெளியே ஓர் அமெரிக்கர் அதைக் கொன்றார். காலர் காப்பாற்றவில்லைதான். ஆனால் காலர் போட்டு ஆய்வாளர்கள் பின்தொடர்ந்த சிங்கம் என்பதால்தான் அந்தச் சாவு உலகத்துக்கே தெரிந்தது. பெயர் தெரியாமல் சாகும் சிங்கங்களை யார் கேட்கிறார்கள்?

காலர் ஒரு கிலோ சொச்சம், பெண் சிங்கம் 120 கிலோவுக்கு மேல். கென்யாவில் அரசு கால்நடை மருத்துவர்தான் ஊசி போடுவார். வளரும் இளஞ்சிங்கத்துக்கு மாட்டினால் கழுத்தை இறுக்கும், அது தவறு.

இளங்கோ: காலரால் சிங்கத்துக்கு என்ன லாபம்? ஆய்வாளருக்குக் கட்டுரை கிடைக்கிறது.

கென்யாவின் அம்போசெலிக்கு வந்து பாருங்கள். 2007 முதல் அங்கே ‘லயன் கார்டியன்ஸ்’ அமைப்பில், மாடு மேய்க்கும் மாசாய் இனத்து இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். முன்பு வீரத்தைக் காட்டச் சிங்கத்தைக் கொன்ற சமூகத்தின் பிள்ளைகள். தடம் பார்ப்பார்கள், காலர் சமிக்ஞையையும் கேட்பார்கள். சிங்கம் இருக்கும் பக்கம் மாடு ஓட்ட வேண்டாம் என்று மேய்ப்பவர்களுக்குச் சொல்வார்கள், பட்டியைச் செப்பனிட்டுக் கொடுப்பார்கள். மாடு பிழைத்தால் சிங்கமும் பிழைக்கும். 2015 டிசம்பரில் கென்யாவின் மாசாய் மாரா காப்பகத்தில் ‘மார்ஷ்’ என்ற சிங்கக் கூட்டத்துக்கு விஷம் வைத்ததற்குக் காரணமே மாட்டைப் பறிகொடுத்த கோபம்தான். நீங்கள் எதிர்க்க வேண்டியது அந்த விஷத்தை, தம்பி.

பிரபு: ஜீப்பில் பாதுகாப்பு எப்படி?

சதீஷுக்குச் சொன்னதுதான்.

அனிதா: கிர் காட்டில் இப்படிச் சேர முடியுமா?

குஜராத் வனத்துறையைக் கேளுங்கள்.

விக்னேஷ்: குட்டியோடு படம் எடுக்க வாய்ப்பு உண்டா?

மீனாவுக்கு எழுதியதைப் படியுங்கள். கூட்டிப்போகும் நிறுவனம் எதுவானாலும், கென்யாவில் நகோஸ்டி என்ற அரசு அறிவியல் ஆணையம் தரும் ஆய்வு அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் பணம் கட்டாதீர்கள்.

நிவேதா: கல்லூரி மாணவி நான். அவ்வளவு பணம் இல்லை.

பணமே வேண்டாம்மா. தான்சானியாவின் செரெங்கெட்டிப் பூங்காவில் 2010-இல் நூற்றுக்கணக்கான தானியங்கிக் கேமராக்களை நிறுவத் தொடங்கினார்கள். அந்தப் படங்களில் இருப்பது எந்த விலங்கு, எத்தனை, என்ன செய்கிறது என்று பார்த்துச் சொன்னவர்கள் ‘ஸூனிவர்ஸ்’ இணையத் தளத்தில் சேர்ந்த பொதுமக்கள்தான். அதே தளத்தில் வேறு காடுகளின் படங்களும் வருகின்றன. ஒரு கணக்கு தொடங்கி இரவுப் படங்களில் கண்ணைப் பழக்கிக்கொள். சந்தேகமான படம் வந்தால் எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.