பதினெட்டு வயதானால் பெயர் தானாகச் சேருமா? வாக்காளர் பட்டியல் கேள்வி பதில்

பதினொரு வருடம் பிஎல்ஓவாக, அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலராக, படிவத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்த பள்ளி ஆசிரியை நான். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மகளுக்கு 18 ஆகிவிட்டது. ஆதாரில் பிறந்த தேதி இருக்கிறதே, தானாகச் சேர்க்க மாட்டார்களா? (தஞ்சாவூர்)

மாட்டார்கள் அம்மா. புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுத்தால்தான் உண்டு. முன்பு ஜனவரி 1 மட்டும்தான் தகுதி நாள், அதாவது அன்றைக்கு 18 முடிந்திருக்க வேண்டும். இப்போது ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 சேர்த்து நான்கு. 17 முடிந்ததுமே விண்ணப்பிக்கலாம். அப்புறம், வாக்காளர் அட்டை வந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் பட்டியலில் பெயரைப் பாருங்கள்.

தானாகச் சேர்க்கும் நாடுகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 2016-ல் தொடங்கியது. ஓட்டுநர் உரிமத்துக்குக் காட்டும் ஆவணத்தில் குடியுரிமை தெரிந்தால், விவரம் தேர்தல் அலுவலகத்துக்குப் போய்விடும். வேண்டாம் என்பவர் தபாலில் வரும் அட்டையில் எழுதி அனுப்பலாம். கனடாவில் வருமான வரிப் படிவத்திலேயே சம்மதம் கேட்கிறார்கள். ஆனால் ஆரிகனில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டை அமெரிக்கப் பாஸ்போர்ட் என்று ஊழியர்கள் தவறாகக் குறித்ததால், குடியுரிமைச் சான்று காட்டாத ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பட்டியலில் ஏறியது 2024-ல் தெரியவந்தது. நம் ஆதாரோ 182 நாள் இங்கே வசித்த வெளிநாட்டவருக்கும் கிடைக்கும். அது குடியுரிமைச் சான்று இல்லை என்று சட்டமே சொல்கிறது. அதை மட்டும் வைத்து எப்படிச் சேர்ப்பது?

ஆதார், ரேஷன் எல்லாம் அரசிடம்தானே இருக்கிறது? இணைத்துவிட்டால் இரட்டைப் பதிவு, இறந்தவர் பெயர் எல்லாம் போய்விடும். வீடு வீடாக அலைவது வீண். (கோவை)

தம்பி, அதைத்தான் 2015-ல் செய்து பார்த்தார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் ஆதார் இணைப்புத் திட்டம் தொடங்கியது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவால் நின்றது. அந்த இணைப்பின்போது பெயர்கள் நீக்கப்பட்ட தெலங்கானாவில் 2018 தேர்தலன்று வரிசையில் நின்றவர்கள் பலர் பெயரைக் காணாமல் திரும்பினார்கள். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியே மன்னிப்புக் கேட்டார்.

அது பழைய கதை. இப்போது தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது. (மறுபடி கோவை)

பெயர் வைக்கும் முறை வளரவில்லையே! பட்டியலில் 'ச. முருகன்' என்று இருப்பவர் ஆதாரில் 'முருகன் சண்முகம்', ரேஷன் அட்டையில் வெறும் 'முருகன்'. கல்யாணம் ஆன பெண்ணுக்கு ஒன்றில் அப்பா பெயர், இன்னொன்றில் கணவர் பெயர். நான் பார்த்த வாக்குச்சாவடிப் பகுதியில் ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு பாட்டிகள், கணவர் பெயரும் ஒன்றே. ஒருவர் இறந்தார். நீக்கச் சொல்லி வந்த தாளில் இருந்ததோ மற்றவரின் வரிசை எண். நான் கதவைத் தட்டினேன்; பாட்டி முறத்தோடு வந்து கதவைத் திறந்தார். தட்டாமல் விட்டிருந்தால்?

அப்படியானால் தரவே வேண்டாம் என்கிறீர்களா? (தூத்துக்குடி)

இல்லை. ஆளைச் சேர்ப்பதற்குத் தரவு நல்ல துணை. 18 ஆனவர்களின் விவரம் கிடைத்தால் படிவத்தோடு நானே அவர்கள் வீட்டுக்குப் போவேன். நீக்குவதற்கு மட்டும் தரவு போதாது. இறப்புப் பதிவுகளை நேரடியாகப் பெறப்போவதாகத் தேர்தல் ஆணையம் 2025 மே மாதம் அறிவித்தபோதும், பிஎல்ஓ நேரில் போய்ச் சரிபார்ப்பார் என்றுதான் சொன்னது. அந்த நடையை ஒருநாளும் விட்டுவிடக் கூடாது.

வீடு மாறிவிட்டேன்.

படிவம் 8.

துபாயில் இருக்கிறேன்.

இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் படிவம் 6ஏ. ஓட்டுப் போட நேரில் வரவேண்டும்.

ஆதாரில் முகவரியை எப்படி மாற்றுவது?

அது என் வேலை இல்லை. ஆதார் மையத்தில் கேளுங்கள்.

ஆதார் கொடுக்காவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்களா?

2021 தேர்தல் திருத்தச் சட்டப்படி, தக்க காரணத்தால் ஆதார் தர முடியாதவரின் பெயரை அதற்காக நீக்கக் கூடாது.

பையனுக்கு 18 ஆச்சு, ஆதார் இருக்கிறது, தானாக வந்துவிடும்தானே?

நாலாவது முறையாக இதே கேள்வி. வராது. படிவம் 6. இன்றைக்கே.