முதல் பி.யூ.சி.யில் 51 சதவீதம்: நகையை அடகு வைத்துப் பொறியியல் சீட்டு வாங்கலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். எனக்கு மாதம் 48,000 ரூபாய் சம்பளம். ஒன்றாம் வகுப்பிலிருந்தே இங்கு படிக்கும் மகன், முதல் பி.யூ.சி.யில் (பதினொன்றாம் வகுப்பு) 51 சதவீதம்தான் எடுத்திருக்கிறான். நிர்வாக ஒதுக்கீட்டில் பொறியியல் சீட்டு வாங்கித் தர ஒரு தரகர் 6 லட்சம் நன்கொடை கேட்கிறார். மனைவியின் நகையை அடகு வைக்கலாமா?

பதில்: தயவுசெய்து வைக்காதீர்கள். தரகர் எழுதித் தந்ததாக நீங்கள் அனுப்பியுள்ள தாளில் கல்லூரிப் பெயரும் தொகையும் மட்டுமே இருக்கின்றன. முத்திரையும் இல்லை, கையெழுத்தும் இல்லை. கட்டாய நன்கொடை வசூலிப்பதைக் கர்நாடகத்தில் 1984-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. ரசீது இல்லாத இந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு எந்தப் பிடிமானமும் இருக்காது. நகைக்கடனுக்கு ஆண்டு வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், மாதம் 5,000 ரூபாய் வட்டிக்கே போகும். அசல் அப்படியே நிற்கும்.

அதைவிட முக்கியமானது, உங்களை அச்சுறுத்தும் அந்த 51 சதவீதம் பொறியியல் தரவரிசைக் கணக்கிலேயே வராது என்பது. கர்நாடக அரசின் பொது நுழைவுத் தேர்வான கே.சி.இ.டி.யின் தரவரிசையில், இரண்டாம் பி.யூ.சி.யின் இயற்பியல், வேதியியல், கணித மதிப்பெண்களுக்குப் பாதி மதிப்பும் நுழைவுத் தேர்வுக்கு மீதிப் பாதி மதிப்பும் தரப்படுகின்றன. தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கான காமெட்-கே நுழைவுத் தேர்விலோ, பி.யூ.சி.யில் தகுதி மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டால் தேர்வு மதிப்பெண்ணே தரவரிசையை முடிவு செய்கிறது. 2024 முதல் இரண்டாம் பி.யூ.சி.க்கு ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வுகள் நடத்தி, அவற்றுள் சிறந்த மதிப்பெண்ணை ஏற்கும் முறையும் வந்திருக்கிறது. முதல் ஆண்டில் சறுக்கிய பிள்ளைக்கு இது பெரிய வாய்ப்பு என்பதை அவனிடமும் சொல்லுங்கள். தன்னால்தான் அம்மாவின் நகை போகிறது என்ற எண்ணத்தோடு ஒரு பையனால் கணக்குப் போட முடியாது.

ஆகவே, இந்த ஆண்டு செலவழிக்க வேண்டியது அவன் தடுமாறும் பாடங்களுக்கான டியூஷனுக்கும், இரு நுழைவுத் தேர்வுகளின் விண்ணப்பக் கட்டணத்துக்கும்தான். கவுன்சலிங்கில் இடம் கிடைத்தபின் கல்விக்கடனுக்கு விண்ணப்பியுங்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. தவணையும் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தொடங்குவதில்லை. பழைய வருமான வரி முறையில் நீங்கள் இருந்தால், கட்டும் வட்டி முழுவதற்கும் எட்டு ஆண்டுகள் வரை வருமானத்தில் கழிவு உண்டு. தரகரின் நன்கொடைக்கு எந்த வங்கியும் கடன் தராது.

தரகரிடம் இதுவரை முன்பணம் கொடுக்கவில்லை என்றால், வேண்டாம் என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.