கிரேக்கரின் நான்கு மூலப்பொருள்கள்: கேள்வி பதில்

கேள்வி: சார், பழைய கிரேக்கச் சிந்தனையாளர்களில் எல்லாமே தண்ணீர் என்றார் தேலீஸ், இல்லை, காற்று என்றார் அனாக்சிமினிஸ். ஆளுக்கொன்று சொன்னார்களே, ஆதாரம் ஏதாவது காட்டினார்களா?

பதில்: அனாக்சிமினிஸ் காட்டினார். உதட்டைக் குவித்து உள்ளங்கையில் ஊதுங்கள், சில்லென்று இருக்கும். வாயை அகலத் திறந்து ஊதினால் வெதுவெதுப்பு. ஆக, காற்று அடர்ந்தால் குளிர், தளர்ந்தால் சூடு என்று அவர் சொன்னதாகப் பிற்கால எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். மேலும் மேலும் அடர்ந்தால் காற்றே மேகமாகி, நீராகி, மண்ணும் கல்லும் ஆகிவிடும். முடிவு தவறுதான், காற்றை அழுத்தினால் சூடாகும். ஆனாலும் கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே, ஒரு பொருள் இன்னொன்றாக மாறுவது எப்படி என்று வழியைத் தேடியிருக்கிறாரே, அது சாதாரண விஷயமில்லை.

கேள்வி: மண், நீர், காற்று, நெருப்பு என்று நான்காக வகுத்தது அரிஸ்டாட்டில்தானே?

பதில்: இல்லை, அவருக்கு ஒரு நூற்றாண்டு முந்திய எம்பெடோக்ளிஸ். சிசிலித் தீவில் அக்ராகாஸ் ஊர்க்காரர். நான்கையும் 'வேர்கள்' என்றார். அன்பு அவற்றைச் சேர்க்கும், பகை பிரிக்கும். எலும்புக்குக் கலவைக் கணக்கே தருகிறார்: எட்டுப் பங்கில் நெருப்பு 4, நீர் 2, மீதி மண்.

கேள்வி: காற்று ஈரமானது என்கிறார் அரிஸ்டாட்டில். வெயில் காலத்துக் காற்று வறண்டுதானே இருக்கிறது? புரியவே இல்லை ஐயா.

பதில்: நல்ல கேள்வி. இதைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். தனக்கென்று எல்லை இல்லாமல், அடைக்கிற இடத்தின் வடிவத்துக்கு எது எளிதில் இணங்குகிறதோ அதுதான் அவர் கணக்கில் ஈரம். வறட்சி அதற்கு நேர் எதிர். அப்படிப் பார்த்தால் தண்ணீரைவிடக் காற்றே அதிக ஈரம்.

அப்புறம் சூடு, குளிர், ஈரம், வறட்சி என்ற நான்கு குணங்களையும் இரண்டிரண்டாகச் சேர்க்கிறார். சூடும் வறட்சியும் நெருப்பு. சூடும் ஈரமும் காற்று. குளிரும் ஈரமும் நீர். குளிரும் வறட்சியும் மண். சூடும் குளிரும் ஓரிடத்தில் சேராது, ஈரமும் வறட்சியும் அப்படியே. அதனால் நான்கு ஜோடிக்கு மேல் இல்லை.

எம்பெடோக்ளிஸின் வேர்கள் கலக்கும், பிரியும், ஆனால் ஒன்று இன்னொன்றாகாது. அரிஸ்டாட்டிலிடம் ஆகும். தண்ணீரைக் காய்ச்சுங்கள்: குளிர் போய்ச் சூடு வருகிறது, ஈரம் அப்படியே நிற்கிறது, நீர் காற்றாகிவிட்டது. ஒரு குணம் பொதுவாக இருப்பதால் இது சீக்கிரம் நடக்கும். நீர் நெருப்பாக வேண்டுமானால் இரண்டு குணமுமே மாற வேண்டும், அது கடினம். அவருடைய கோட்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கேள்வி: இரண்டு குணத்தில் எது முதன்மை?

பதில்: மண்ணுக்கு வறட்சி, நீருக்குக் குளிர், காற்றுக்கு ஈரம், நெருப்புக்குச் சூடு.

கேள்வி: அந்தக் காலத்திலேயே யாரும் எதிர்க்கவில்லையா சார்?

பதில்: அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸே சந்தேகம் கிளப்பினார். மற்ற மூன்றும் தாமாக நிற்கின்றன. நெருப்புக்கு மட்டும் எரிபொருள் வேண்டும். பிறகு அது எப்படி மூலப்பொருள் ஆகும் என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி.

கேள்வி: கடைசியில் எப்போது கைவிட்டார்கள்?

பதில்: நீர் ஒரு கூட்டுப்பொருள் என்று 1783இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் அறிவித்தார். 1789இல் அவர் வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில் நான்கில் ஒன்றுகூட இல்லை. ஆனால் வெப்பம் ஒரு பொருளாக அதிலும் இடம் பிடித்திருந்தது.