பெரிய கோப்புகளைத் தொலைவிலுள்ள சர்வருக்கு அனுப்ப எஸ்சிபி போதுமா, ஆர்சிங்க் தேவையா?

எஸ்சிபி, ஆர்சிங்க் இரண்டும் கோப்புகளை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுக்கும் கட்டளைகள். சிறிய கோப்பு ஒன்றை ஒரே ஒரு முறை அனுப்புவதற்கு எஸ்சிபி போதும். பல ஜிபி அளவுள்ள கோப்பையோ, அடிக்கடி மாறும் கோப்புறையையோ அனுப்ப வேண்டுமானால் ஆர்சிங்க்கையே பயன்படுத்துங்கள். சர்வருக்கு அனுப்பும்போது இரண்டும் வழக்கமாக எஸ்எஸ்எச் என்னும் மறையாக்கப்பட்ட இணைப்பு வழியாகவே செல்வதால் பாதுகாப்பைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு இல்லை. இணைப்பு பாதியில் அறுந்தால் என்ன ஆகிறது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

எஸ்சிபியில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1996-இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் வெளியிட்ட ஆர்சிங்க், மறுமுனையில் ஏற்கெனவே இருக்கும் கோப்பைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்ணை (செக்சம்) நம்மிடம் உள்ள கோப்புடன் ஒப்பிட்டு, அங்கே இல்லாத பகுதிகளை மட்டும் அனுப்புகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அனுப்புவது இடையில் நின்றால், அரைகுறையாகச் சேர்ந்த கோப்பை ஆர்சிங்க் வழக்கமாக அழித்துவிடும். அதை வைத்திருக்கச் சொல்வது 'பார்ஷியல்' என்னும் ஆப்ஷன். பெரிய எழுத்து 'பி' (-P) கொடுத்தால் அதுவும், எவ்வளவு சென்றிருக்கிறது என்று காட்டும் வசதியும் சேர்ந்தே கிடைக்கும். எஸ்சிபியில் அதே பெரிய 'பி' சர்வர் இணைப்பை ஏற்கும் போர்ட் எண்ணைக் குறிக்கும் என்பதால், பழக்கத்தில் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது, அனுப்பும் கோப்புறையின் பெயருக்குப் பின்னால் வரும் சாய்கோட்டைப் (/) பற்றி. கோடு இல்லாவிட்டால் அந்தக் கோப்புறையே மறுமுனையில் உருவாகும். கோடு இருந்தால் அதன் உள்ளடக்கம் மட்டும் சென்று சேரும். இதனுடன், அனுப்பும் பக்கத்தில் இல்லாதவற்றை மறுமுனையிலிருந்து நீக்கும் 'டிலீட்' ஆப்ஷனும் சேரும்போது இந்தச் சிறு கோடு பேரிழப்பை உண்டாக்கக்கூடும்: படங்கள் உள்ள கோப்புறையைக் கோட்டுடன் கொடுத்து, சேருமிடமாக சர்வரின் ஹோம் டைரக்டரியை (உங்கள் கணக்கின் முதன்மைக் கோப்புறை) குறிப்பிட்டால், அந்தப் படங்களைத் தவிர அங்கிருந்த மற்ற அனைத்தும் அழிக்கப்படும். ஆகவே டிலீட் இருக்கும் எந்தக் கட்டளையையும் முதலில் சிறிய 'என்', சிறிய 'வி' இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். எதையும் மாற்றாமல், என்னென்ன நடக்கப்போகிறது என்பதை மட்டும் அது பட்டியலிடும். ஏற்கெனவே சுருக்கப்பட்ட வீடியோ, ஜிப் கோப்புகளுக்கு, அனுப்பும்போது தரவைச் சுருக்கும் 'இசட்' ஆப்ஷனால் பயன் ஏதும் இல்லை.

ஆர்சிங்க் இரு முனைகளிலும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். சர்வரில் அது இல்லை, நிறுவ அனுமதியும் இல்லை என்றால், எஸ்எஸ்எச் வழியாகவே கோப்பு அனுப்பும் எஸ்எஃப்டிபியில் நுழைந்து 'புட்' கட்டளையுடன் சிறிய 'ஏ' கொடுங்கள்; விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் முன்பு சென்ற பகுதி சரியானதுதானா என்று அது சோதிப்பதில்லை. இடைப்பட்ட நேரத்தில் உங்கள் கோப்பு மாறியிருந்தால் பழையதும் புதியதும் ஒட்டிய, பயன்படாத கோப்பே அங்கே உருவாகும் என்பதால், முடிந்தபின் இரு பக்கமும், கோப்பின் செக்சம்மைக் கணக்கிடும் 'ஷா256சம்' கட்டளையை ஓட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.