வீடு மாமியார் பெயரில் இருந்தாலும் அக்காவுக்கு உரிமை உண்டு

தம்பி, அக்காவைக் கணவர் அடிக்கிறார், வீடு மாமியார் பெயரில் இருப்பதால் வெளியே போகச் சொல்கிறார்கள், காவல் நிலையத்திலும் 'சமாதானமாகப் போங்கள்' என்று அனுப்பிவிட்டார்கள் என எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது.

முதலில் வீடு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, குடும்பமாக வாழும் வீட்டிலிருந்து அக்காவைச் சட்ட நடவடிக்கை இல்லாமல் வெளியேற்ற முடியாது. பத்திரம் மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும் இது பொருந்தும் என்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

காவல் நிலையத்தை மட்டும் நம்பி நிற்காதீர்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில், இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். அவரே அறிக்கை தயாரித்து நீதித்துறை நடுவருக்கு அனுப்புவார். அவசரம் என்றால், கணவர் தரப்பைக் கேட்கும் முன்பே இடைக்கால உத்தரவு கேட்கலாம்.

'அவரை ஜெயிலில் போட்டுவிடுவார்களோ' என்று அக்கா பயப்படுவது புரிகிறது. இந்தச் சட்டத்தில், வன்முறையைத் தடுக்க நடுவர் போடும் பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் தண்டனை: ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதை அக்காவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

அப்புறம், மருத்துவமனையில் தயவுசெய்து 'வழுக்கி விழுந்தேன்' என்று சொல்ல வேண்டாம். நடந்ததையே பதிவு செய்யச் சொல்லுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை நடுராத்திரியிலும் அழைக்கலாம்.