புதிய ஸ்பீக்கரும் வீட்டுக் கூடமும்: கேள்வி பதில்

விலை உயர்ந்த ஸ்பீக்கர்களை அண்மையில் வாங்கி வீட்டில் அமைத்தவர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவாக உள்ளவற்றை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். முதல் கேள்விக்கான பதில் நீளமானது. மற்றப் பதில்கள் பலவும் அதை ஒட்டியே வருவதால், அதை முதலில் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (மதுரை): ஐயா, கடையில் கேட்டபோது மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் தெளிவாக இருந்தது. அதே ஸ்பீக்கர்களை வீட்டில் வைத்ததும் தொப்பியின் (மிருதங்கத்தின் இடப்பக்கத்தின்) ஒலி ஒரே முழக்கமாகிவிட்டது. கூடம் 5 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். ஆம்ப்ளிஃபையரை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்த முழக்கத்தை உண்டாக்குவது உங்கள் கூடமே. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி போய் மீளும்போது, அந்த இடைவெளியைப் போல் இரு மடங்கு நீளமுள்ள அலை தன்மீதே படிந்து நிலையலையாகத் தங்கிவிடுகிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 348 மீட்டர். அதை உங்கள் கூடத்து நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 35 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 35 அதிர்வுகள் கிடைக்கும். அகலத்துக்கு 50 ஹெர்ட்ஸும் உயரத்துக்கு 58 ஹெர்ட்ஸும் வரும். இவற்றின் மடங்குகளான 70, 100, 116 ஆகியவற்றிலும் இதே தொல்லை உண்டு. தொப்பியின் ஆழ்ந்த நாதம் இந்த வட்டாரத்தில் விழுவதால், அடித்த கை எடுத்த பின்பும் கூடம் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் இந்த அலைகளை ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பி அனுப்பிவிடும். வட அமெரிக்க வீடுகளில் உள்ள ஜிப்சம் பலகைச் சுவரோ சற்று அதிர்ந்து கொடுத்து, அவற்றில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். அங்கே எழுதப்பட்ட விமர்சனத்தில் பேஸ் (தாழ்ந்த ஒலி) அளவாக இருப்பதாகப் படித்து வாங்கிய ஸ்பீக்கர் இங்கே முழங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை வாங்குமுன் நினைவில் கொள்வது நல்லது.

செய்ய வேண்டியது இடம் மாற்றுவதுதான். நிலையலையின் அழுத்தம் சுவரோரத்தில் உச்சத்தில் இருக்கும். ஆகவே சோபா பின்சுவரோடு ஒட்டியிருந்தால், அதை 60 அல்லது 70 சென்டிமீட்டர் முன்னே இழுத்துப் போட்டு அதே இசையைக் கேளுங்கள். பாதிக் குறை அங்கேயே தீர்வதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அடுத்து, ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். அப்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்பீக்கருக்குப் பின்னாலுள்ள சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, இடைவெளி கால் அலைநீளமாக அமையும் அதிர்வெண்ணில், நேராக வரும் ஒலியை எதிர்த்து அதை மெலியச் செய்யும். வூஃபரின் (தாழ்ந்த ஒலியை எழுப்பும் பெரிய கூம்பின்) முகப்பு சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால் 87 ஹெர்ட்ஸிலும், 60 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் 145 ஹெர்ட்ஸிலும் இந்தப் பள்ளம் விழும். பின்சுவருக்கும் பக்கச்சுவருக்கும் உள்ள தூரம் சமமாக இருந்தால் இரண்டு பள்ளங்களும் ஒரே இடத்தில் விழுந்து ஆழமாகிவிடும்; எனவே அந்தத் தூரங்களை வேண்டுமென்றே வேறுபடுத்துங்கள். இவ்வளவுக்குப் பிறகும் முழக்கம் மிஞ்சினால், ஸ்பீக்கரோடு வந்த நுரைப்பஞ்சு அடைப்பானை அதன் காற்றுத் துளையில் செருகிப் பாருங்கள். பேஸின் ஆழம் சற்றுக் குறையும், ஆனால் தாளத்தின் சுத்தம் திரும்பும். உங்கள் கூடத்தின் அளவுக்கு அது நல்ல பேரம் என்பது என் கருத்து.

கேள்வி (கோயம்புத்தூர்): 300 மணி நேரம் ஓடிய பிறகுதான் ஸ்பீக்கரின் உண்மையான ஒலி வரும் என்று விற்பனையாளர் சொல்கிறார். எனக்கு இப்போது ட்வீட்டரின் (உயர்ந்த ஒலியை எழுப்பும் சிறு பகுதியின்) ஒலி காதைக் குத்துகிறது. காத்திருக்கலாமா?

பதில்: வூஃபரின் கூம்பைத் தாங்கும் விளிம்பும், உள்ளே இருக்கும் மடிப்புத் துணியும் முதலில் சற்று விறைப்பாக இருந்து, ஓடத் தொடங்கியதும் தளர்வது உண்மைதான். அந்த மாற்றத்தின் பெரும்பகுதி முதல் சில மணி நேரங்களிலேயே முடிந்துவிடுகிறது. அதன் விளைவும் பேஸ் பகுதியில் சிறு அளவில்தான் தெரியும். காதைக் குத்தும் ட்வீட்டர் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடினாலும் இனிமையாக மாறுவதில்லை. நம் காதுதான் அதற்குப் பழகிப்போகிறது. நாம் அறிந்ததும் பார்த்ததும் கேட்பதை எவ்வளவு மாற்றும் என்பதற்குச் சான்று உண்டு: ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் ஆகியோர் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது மதிப்பிட்ட அதே ஸ்பீக்கர்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டு கேட்டபோது மக்கள் வேறு விதமாக மதிப்பிட்டார்கள்.

ஆகவே ஸ்பீக்கர்களின் முகத்தை உங்கள் காதிலிருந்து சற்று விலக்கித் திருப்பி வைத்துப் பாருங்கள். எதிரே வெறும் தரை இருந்தால் ஒரு கம்பளம் விரியுங்கள். அதன் பின்னும் குத்தினால், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடியுமுன்பே கடைக்காரரிடம் பேசிவிடுங்கள். காத்திருக்கச் சொல்லும் மணிக்கணக்கு அந்தக் கெடுவைத் தாண்டிப் போகிறதா என்று கணக்கிடுவது உங்கள் உரிமை.

கேள்வி (திருச்சி): இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே பாடகர் நிற்பதுபோல் கேட்க வேண்டும் என்கிறார்கள். எனக்குக் குரல் இடப்பக்கம் சாய்ந்தே கேட்கிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: முதலில் ஒயரின் முனைகளைப் பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கருப்பும் மாறியிருந்தால் குரல் எங்கே இருக்கிறது என்றே பிடிபடாது, பேஸும் மெலிந்துபோகும். அது சரியாக இருந்தால் அளவுநாடாவை எடுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்கள் அமரும் இடமும் சமபக்க முக்கோணமாக அமைவது நல்ல தொடக்கம். உங்கள் தலையிலிருந்து இரண்டு ட்வீட்டர்களுக்கும் உள்ள தூரம் ஒரு சென்டிமீட்டருக்குள் ஒத்துவர வேண்டும்.

பிறகு மோனோ ஒலிப்பதிவு (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும் பதிவு) ஒன்றைப் போடுங்கள். பழைய வானொலிக் கச்சேரிப் பதிவுகள் பெரும்பாலும் மோனோதான் என்பதால் நம்மிடம் இதற்குப் பஞ்சமில்லை. மோனோவில் வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் எல்லாம் நட்ட நடுவில் ஒரு குறுகிய இடத்திலிருந்தே வர வேண்டும். அது பரந்து கேட்டாலோ, சுருதி ஏறும்போது குரல் ஒரு பக்கமாக நகர்ந்தாலோ பக்கச் சுவர்களைச் சந்தேகியுங்கள். ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் திறந்த வழியுமாக உள்ள கூடங்களில் இந்தச் சாய்வு வழக்கமானது. சுவர்ப்பக்கத்து ஸ்பீக்கரை உள்நோக்கிக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்புவதும், அந்தச் சுவரில் ஒலி பட்டுத் திரும்பும் இடத்தில் கனமான திரையோ புத்தக அலமாரியோ வைப்பதும் பலன் தரும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, நீங்கள் அமர்ந்திருக்க இன்னொருவர் சுவரோடு ஒரு கண்ணாடியை நகர்த்திச் செல்லட்டும். அதில் ஸ்பீக்கர் தெரியும் இடமே நீங்கள் தேடும் இடம்.

உயரத்தையும் மறக்க வேண்டாம். ட்வீட்டர் மேலேயும் வூஃபர் கீழேயும் உள்ள ஸ்பீக்கர்களில் காது ட்வீட்டரின் மட்டத்தில் இருக்க வேண்டும். அதிகம் உயர்ந்தாலோ தாழ்ந்தாலோ இரண்டும் சேரும் அதிர்வெண்ணில் ஒலி குறையும். கெஃப் நிறுவனத்தின் யூனி-க்யூ போல, கூம்பின் நடுவிலேயே ட்வீட்டர் அமைந்த வகையில் இந்தக் கெடுபிடி குறைவு. தரையில் அமர்ந்து கேட்பவர்களும் சோபாவில் அமர்பவர்களும் சேர்ந்து வாழும் வீட்டுக்கு அந்த வகையை நான் விரும்பிச் சொல்வேன்.

கேள்வி (திருநெல்வேலி): ஸ்பீக்கர் ஒயருக்கு மட்டும் தனியாக 40,000 ரூபாய் கேட்கிறார்கள். அவசியமா?

பதில்: அவசியமில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் மின்தடை மீட்டருக்கு 0.007 ஓம். 4 மீட்டர் தூரத்துக்குப் போக வர 8 மீட்டர் என்று கொண்டாலும் 0.06 ஓமைத் தாண்டாது. உங்கள் ஸ்பீக்கரின் 4 அல்லது 8 ஓமுக்கு முன்னால் அது பொருட்டே இல்லை. முனைகளை இறுக்கமாக முடுக்குங்கள். மிச்சமாகும் பணத்தில் கம்பளமும் திரைச்சீலையும் வாங்குங்கள்.

கேள்வி (சென்னை): அடுக்குமாடி வீடு. டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், கண்ணாடி ஜன்னல். பெண் குரல்கள் கூச்சலாகக் கேட்கின்றன. சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா?

பதில்: முட்டை அட்டையால் பயனில்லை, அது எளிதில் தீப்பற்றும் என்பதால் வீட்டுக்கு ஆபத்தும்கூட. மெல்லிய நுரைப்பஞ்சுப் பலகைகளையும் நான் பரிந்துரைப்பதில்லை. அவை மேல் அதிர்வெண்களை மட்டும் உறிஞ்சிவிட்டுக் குரலின் நடுப்பகுதியை விட்டுவிடுவதால், கூடம் மந்தமாகவும் அதே நேரத்தில் முழக்கமாகவும் ஆகிவிடும்.

எதிரொலியை உறிஞ்சத் தடிப்பு வேண்டும். 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) பலகை சுமார் 500 ஹெர்ட்ஸுக்கு மேல் நன்றாக வேலை செய்யும். 10 சென்டிமீட்டர் தடிப்பாக்கி, சுவரிலிருந்து சற்று இடைவெளி விட்டு நிறுத்தினால் அதற்குக் கீழும் பயன் கிடைக்கும். தச்சரிடம் ஒரு மரச்சட்டம் செய்து, ராக்வூலை உள்ளே வைத்து, இழைகள் வெளியே வராதபடி முழுவதும் துணியால் மூடிவிட்டால், அது வீட்டின் அழகுக்கும் குந்தகமில்லாமல் இருக்கும். அதற்கு முன், வீட்டில் இருப்பவற்றையே பயன்படுத்திப் பாருங்கள்: ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் இடையே தடித்த கம்பளம், ஜன்னலுக்கு மடிப்பு நிறைந்த கனமான திரை, பின்சுவரில் ஒழுங்கற்று அடுக்கிய புத்தகங்கள். கை தட்டினால் உலோகத்தைத் தட்டியதுபோல் அதிரும் ஓசை மறையும்வரை இவற்றைச் சேர்த்துக்கொண்டே போகலாம். அதற்கு மேல் சேர்த்தால் கச்சேரி உயிரற்றுப்போகும்.

கேள்வி (டொரான்டோ): நிலவறையில் இசை அறை அமைத்திருக்கிறேன். நான் அமரும் இடத்தில் பேஸே இல்லை, சுவரோரம் போனால் நிறைய இருக்கிறது. ஈக்வலைசரில் (அதிர்வெண்களைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவியில்) 10 டெசிபல் ஏற்றியும் பயனில்லை.

பதில்: நீங்கள் அறையின் நட்ட நடுவே அமர்ந்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். முதல் நிலையலையின் அழுத்தம் அங்கே ஏறக்குறைய இல்லாமல் போகிறது. அந்த இடத்தில் எவ்வளவு ஏற்றினாலும் அலை தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். 10 டெசிபல் ஏற்றுவது ஆம்ப்ளிஃபையரிடம் பத்து மடங்கு சக்தியைக் கேட்பதாகும் என்பதால் வூஃபருக்குத்தான் தீங்கு. நாற்காலியை முன்னோ பின்னோ நகர்த்துவதே முதல் மருந்து. மிகத் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள சப்வூஃபர் வாங்குவதானால் பெரியது ஒன்றைவிடச் சிறியவை இரண்டு மேல். ஹார்மனில் டாட் வெல்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வு, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்த இரண்டு சப்வூஃபர்கள் இருக்கைக்கு இருக்கை உள்ள வேறுபாட்டை நன்கு குறைப்பதைக் காட்டியது.

கேள்வி (சேலம்): மைக் வைத்து அளந்து, மென்பொருளால் அறையைத் திருத்துவது பற்றி உங்கள் கருத்து என்ன?

பதில்: அளப்பதை மனமார வரவேற்கிறேன். அளவு திருத்தப்பட்ட யூமிக்-1 போன்ற ஒரு மைக்கும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும் இருந்தால் எந்த அதிர்வெண் எங்கே தேங்குகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

திருத்துவதில்தான் கட்டுப்பாடு வேண்டும். அறையின் ஆதிக்கம் எதுவரை என்பதற்கு ஜெர்மானிய இயற்பியலாளர் மன்ஃப்ரெட் ஷ்ரோடர் தந்த கணக்கு உண்டு: எதிரொலி தணியும் நேரத்தை அறையின் கன அளவால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை 2000-ஆல் பெருக்க வேண்டும். மேலே மதுரை வாசகர் சொன்ன கூடத்தின் கன அளவு 52.5 கனமீட்டர், எதிரொலி தணிய 0.7 விநாடி ஆகும் என்று கொண்டால் விடை சுமார் 230 ஹெர்ட்ஸ். அந்த எல்லைக்குக் கீழே மேடுகளை வெட்டுங்கள், ஆழ்ந்த பள்ளங்களை நிரப்ப முயலாதீர்கள். அதற்கு மேலே நல்ல ஸ்பீக்கரின் ஒலியில் மென்பொருள் கை வைப்பதை நான் ஏற்பதில்லை. மைக் அங்கே நேர் ஒலியையும் எதிரொலியையும் கூட்டி ஒரே கோடாகக் காட்டுகிறது, காதோ இரண்டையும் பிரித்து அறிகிறது. ஸ்பீக்கரை வடிவமைத்தவர் கவனமாக அமைத்த நேர் ஒலியை அந்தக் கோட்டை நேராக்குவதற்காகக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (சிங்கப்பூர்): இரவில் மெதுவாக வைத்துக் கேட்டால் இசை சாரமற்றுப் போகிறது. ஸ்பீக்கரின் குறையா?

பதில்: இல்லை. ஒலி குறையக் குறையத் தாழ்ந்த அதிர்வெண்களை நம் காது மற்றவற்றைவிட வேகமாக இழக்கும் என்பதை பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். ஆம்ப்ளிஃபையரில் லவுட்னஸ் பொத்தான் இருந்தால் இரவில் தயங்காமல் பயன்படுத்துங்கள். அது இதற்காகவே உள்ளது. நாற்காலியை ஸ்பீக்கருக்கு அருகில் இழுத்துக்கொள்வதும் உதவும், அண்டை வீட்டாருக்கும் தொந்தரவு குறையும்.

கேள்வி (நாகப்பட்டினம்): கடற்கரைக்கு அருகில் வீடு. ஈரமும் உப்புக் காற்றும் ஸ்பீக்கரைக் கெடுக்குமா?

பதில்: கெடுக்கும். ஆனால் காக்க முடியும். கூம்பின் விளிம்பு நுரைப்பஞ்சால் ஆனதா, ரப்பரால் ஆனதா என்று வாங்குமுன் கேளுங்கள். நுரைப்பஞ்சு விளிம்பு ஈரத்தில் சில ஆண்டுகளிலேயே பொடியத் தொடங்கலாம், ரப்பர் நெடுங்காலம் நிற்கும். பழைய ஸ்பீக்கரை விலைக்கு வாங்குவதானால் விளிம்பை ஒளியில் பார்த்து, விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்போ தூளோ கையில் ஒட்டினால் விளிம்பை மாற்றும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு விலை பேசுங்கள்.

ஒயர் முனைகளில் பச்சை படிந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி முடுக்குங்கள். ஜன்னலுக்கு நேரே ஸ்பீக்கரை வைக்காதீர்கள், கேட்காத நேரத்தில் முகப்புத் துணியைப் போட்டே வையுங்கள். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் மூடி வைப்பதைவிட நாள்தோறும் சிறிது நேரம் கேட்பதே மேல். அப்போது கரகரப்போ தடுமாற்றமோ தொடங்கினால் உடனே காதில் படும்.